மாடு மேய்ப்பதும் ஒரு படிப்புதான்: மேய்ச்சல் நில மேலாண்மைக் கல்வியும் தலித் இளைஞர்களும்

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வசையை வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஒரு வரியில் இரண்டு பொய்கள் அடங்கியிருக்கின்றன. மேய்ப்பது அறிவு வேண்டாத வேலை என்பது முதல் பொய். அவ்வேலை யாருடையது என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்பது இரண்டாவது பொய். இரண்டாவது பொய்யை நாம் நூறாண்டுகளுக்கும் மேலாக எதிர்த்து வருகிறோம். முதல் பொய்யைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் மேய்ச்சல் நில மேலாண்மை பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் அறிவியல். அதைக் கற்றவர்களுக்கென்று அரசுப் பணியிடங்களும் உண்டு. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக 2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. உலக நிலப்பரப்பில் 54 விழுக்காடு மேய்ச்சல் நிலம் என்றும், அதில் பாதி வரை சீரழிந்துள்ளது என்றும் பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் இத்துறைக்கு எப்படிப் பயிற்சி பெறுவது, எந்தப் பணிகளுக்குச் செல்லலாம், தலித் மாணவர்களுக்கு என்ன உரிமைகளும் உதவிகளும் உள்ளன, இப்படிப்பு நம் மக்களின் நில உரிமையோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மேய்ச்சல் நிலம் என்பது எது?

உழவு செய்யப்படாத, இயற்கையாகப் புல்லும் புதரும் மரமும் வளர்கின்ற, கால்நடைகளும் காட்டு விலங்குகளும் மேய்கின்ற நிலமே மேய்ச்சல் நிலம். புல்வெளிகள், முட்புதர்க் காடுகள், மலைச்சரிவுகள், கோடையில் நீர் வற்றிய ஏரியின் உள்வாய் ஆகிய யாவும் இதில் அடங்கும். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்குகளில் இவற்றில் ஒரு பகுதி 'மேய்ச்சல் தரை', 'மந்தைவெளி' என்ற பெயர்களில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது.

வரி தராத நிலத்தை ஆங்கிலேய அரசு 'தரிசு' என்றும் 'பாழ்' என்றும் வகைப்படுத்தியது. அந்தப் பார்வை இன்றும் மாறவில்லை. நடுவண் அரசின் 2019ஆம் ஆண்டுத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, நாட்டின் நிலப்பரப்பில் 16.96 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 5.58 கோடி எக்டேரை, தரிசு நிலமாகக் கணக்கிடுகிறது. புதர்க் காடுகளும் சீரழிந்த மேய்ச்சல் நிலங்களும் அக்கணக்கில் உள்ளன. ஆயிரக்கணக்கான ஆடுகளுக்குத் தீனி தரும் நிலம் ஏட்டில் பாழ்நிலம் ஆகிவிட்டால், அதைச் சூரிய மின் நிலையத்துக்கோ, தொழிற்பேட்டைக்கோ, மரத் தோட்டத்துக்கோ எடுத்துக்கொள்வது எளிதாகிறது. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னிப் புல்வெளியில் 1960களில் வனத்துறை சீமைக்கருவேலத்தை விதைத்தது. இன்று அப்புல்வெளியின் பெரும்பகுதியை அம்மரம் ஆக்கிரமித்து நிற்கிறது. புல்வெளியை மரமில்லாத குறைநிலமாகப் பார்க்கப் பழகிய படிப்பு அங்கே அரை நூற்றாண்டுச் சேதத்தை விளைவித்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு கொங்குப் பகுதியிலேயே இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களின் கொறங்காடுகள், வறண்ட நிலத்தை அழியாமல் மேய்ப்பதற்கான முழுமையான ஏற்பாடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே நிழலும் காயும் தரும் வெள்வேல் மரங்கள் என அமைந்த பட்டிகளில் மாடுகளையும் ஆடுகளையும் மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். கொறங்காட்டு உரிமை பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினரிடம் இருந்தது. அங்கே மேய்த்த பண்ணையாட்களில் பலர் அருந்ததியர். எந்தப் பட்டியை எப்போது அடைக்க வேண்டும், எந்தப் புல் விதை விழும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மேய்த்தவர்களுக்கும் தெரியும். கொறங்காட்டைப் பற்றி எழுதும்போது நிலவுடைமையாளரின் மரபறிவாக மட்டுமே அது குறிக்கப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை.

இத்துறை என்ன கற்பிக்கிறது?

செடியினம், மண், கால்நடை, நீர், சட்டம் ஆகிய ஐந்தும் இத்துறையின் அடிப்படைகள். மாணவர் முதலில் புல்லினங்களை இனங்காணக் கற்கிறார். பின்னர் நிலத்தில் சதுரக் கட்டமிட்டு, அதனுள் வளர்ந்த புல்லை அறுத்து, உலர்த்தி, எடைபோட்டு, ஓர் எக்டேரில் ஆண்டுக்கு எவ்வளவு தீனி விளைகிறது என்று கணக்கிடுகிறார். அதில் ஏறத்தாழ பாதியை மீண்டும் துளிர்ப்பதற்கும் மண்ணைக் காப்பதற்கும் விட்டுவிட வேண்டும். மீதியை ஒரு விலங்கு ஆண்டு முழுவதும் தின்னும் அளவால் வகுத்தால் அந்நிலத்தின் தாங்குதிறன் கிடைக்கும். மேய்ச்சல் நில மேலாளரின் அடிப்படைக் கணக்கு இதுவே.

இக்கணக்கின் அரசியலை ஓர் எளிய கற்பிதத்தில் காணலாம். வறண்ட பகுதியில் ஓர் எக்டேர் ஆண்டுக்கு 1,000 கிலோ உலர்தீனி தருவதாகக் கொள்வோம். மேயத்தக்கது 500 கிலோ. 25 கிலோ எடையுள்ள வெள்ளாடு தன் எடையில் 3 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 750 கிராம் உலர்தீனி உண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 274 கிலோ வேண்டும். நான்கு ஆடுகளுக்கு 1,095 கிலோ. அதைத் தருவதற்கு 2.2 எக்டேர், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர் மேய்ச்சல் வேண்டும். தழை ஒடித்துப் போட்டால் இத்தேவை குறையும். மழை பொய்த்தால் கூடும்.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், நிலமற்ற ஏழைப் பெண்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வழங்கியது. பயன்பெற்றவர்களில் தலித் பெண்கள் ஏராளம். ஆடு வந்தது, ஐந்தரை ஏக்கர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழவில்லை. பிறர் வயலோரத்தில் ஆடு மேய்ந்ததற்காகத் தலித் பெண்கள் வசைபாடப்படுவதும், ஆடுகள் பிடித்துக் கட்டப்படுவதும், ஊர்ப் புறம்போக்கிலேயே நுழையக் கூடாது எனத் தடுக்கப்படுவதும் நம் சேரிகள் நன்கு அறிந்தவை. இத்தகைய திட்டத்தை வகுக்கும் இடத்தில், மேய்ச்சல் கணக்கும் சாதிக் கணக்கும் ஒருசேர அறிந்த ஓர் அலுவலர் இருந்திருந்தால் ஆட்டோடு மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பார்.

அமெரிக்க முன்மாதிரியும் அதன் எச்சரிக்கையும்

அமெரிக்க நடுவண் அரசில் மேய்ச்சல் நில மேலாளர் என்பது தனிப் பணித்தொகுதி. அதன் எண் 454. பட்டப்படிப்பில் குறைந்தது 42 பருவ மதிப்பலகுகள் இத்துறை சார்ந்து பெற்றிருக்க வேண்டும். அவற்றுள் 18 மேய்ச்சல் நில மேலாண்மையிலும், 15 தாவர, விலங்கு, மண் அறிவியல்களிலும், 9 வனம், நீர், காட்டுயிர் போன்ற தொடர்புடைய பாடங்களிலும் அமைய வேண்டும். 1948இல் உருவான மேய்ச்சல் நில மேலாண்மைக் கழகம் தொழில்முறைச் சான்றிதழும் வழங்குகிறது. எதைப் படித்தால் எந்தப் பணி என்பது அங்கே ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டுள்ளது.

அந்த அறிவியலின் வரலாறு தூய்மையானதன்று. 1930களில் அமெரிக்க அலுவலர்கள் நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்குத் தாங்குதிறன் கணக்கிட்டு, ஆடுகள் மிகுதி என்று முடிவு செய்தனர். மக்களின் இசைவின்றிப் பல்லாயிரக்கணக்கான ஆடுகள் வாங்கி அகற்றப்பட்டன. பல ஆடுகள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டன. மந்தைகளுக்கு உரிமை கொண்டிருந்த பெண்கள் தம் பொருளாதார வலிமையை இழந்தனர். மண் அரிப்பு உண்மையான சிக்கல்தான். ஆனால் கணக்குப் போட்டவர்களில் நவஹோ மேய்ப்பர் எவரும் இல்லை. அறிவியல் கல்வி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாம் வலியுறுத்துவதற்கு இது போதிய காரணம்.

இந்தியாவில் பெயரில்லாத பணி

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.9 கோடி வெள்ளாடுகளும் 7.4 கோடி செம்மறிகளும் 19.3 கோடி மாடுகளும் உள்ளன. இவ்வளவு கால்நடைகள் உள்ள நாட்டில் 'மேய்ச்சல் நில மேலாளர்' என்ற பெயரில் அரசுப் பணித்தொகுதி கிடையாது. காட்டுக்குள் இருக்கும் மேய்ச்சல் வனத்துறையிடமும், ஊர்ப் புறம்போக்கு வருவாய்த்துறையிடமும் உள்ளாட்சியிடமும், கால்நடை கால்நடைத்துறையிடமும், தீவனப் பயிர் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் பிரிந்து கிடக்கின்றன. எனவே இந்தியாவில் இத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர் ஒரே வாசலைத் தேடாமல், பின்வரும் வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முதல் வழி வனவியல். மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலை, முதுநிலை வனவியல் படிப்புகளை நடத்துகிறது. வனவியல் பட்டதாரி, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே வனத்தொழில் பழகுநர் பணிக்கும் உதவி வனப் பாதுகாவலர் பணிக்கும் போட்டியிடலாம். நடுவண் தேர்வாணையத்தின் இந்திய வனப் பணித் தேர்வு வனவியலாளருக்கு மட்டும் உரியதன்று. வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம், தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் படித்தவர்களும் எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு உச்ச வயது 37. அதுவரை எத்தனை முறையும் எழுதலாம்.

இரண்டாவது வழி கால்நடை மருத்துவம். 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இப்பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள். மாநில ஒதுக்கீட்டு இடங்கள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன, நீட் தேவையில்லை. மேய்ச்சலை நம்பி வாழும் இனங்களை நேரடியாகக் கற்க, இப்பல்கலைக்கழகத்தின் பொட்டனேரி மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும், நீலகிரி சாண்டிநல்லா ஆட்டினப் பெருக்க ஆராய்ச்சி நிலையமும், ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மாட்டின ஆராய்ச்சி நிலையமும் உள்ளன.

மூன்றாவது வழி வேளாண்மை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறை, வறண்ட நிலத்துக்கு ஏற்ற கொழுக்கட்டைப்புல், வேலிமசால், முயல்மசால் போன்றவற்றில் ஆய்வு செய்கிறது. உழவியலிலோ மண்ணியலிலோ முதுநிலை பெற்று, மேய்ச்சல் நிலத்தை ஆய்வுப் பொருளாக எடுப்பவர்கள் 1962இல் ஜான்சியில் நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தையும், ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தையும் நோக்கிச் செல்லலாம். நாட்டில் இத்துறைக்கு மிக நெருங்கிய ஆய்வுக்களங்கள் இவையே. வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு அதற்கான நுழைவாயில்.

நான்காவது வழி சமூக அமைப்புகள். பொது நிலங்களுக்காகப் பணியாற்றும் ஆனந்தின் சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளை, கட்ச் மேய்ப்பர்களோடு பணியாற்றும் சகஜீவன் போன்ற அமைப்புகள் நில வரைபடம், புல்வெளி மீட்பு, வன உரிமை மனுக்கள் ஆகியவற்றில் இளைஞர்களைப் பயன்படுத்துகின்றன. புவித்தகவல் வரைபடத் திறனும் ஊர்மக்களோடு அமர்ந்து பேசும் திறனும் இங்கே பட்டத்துக்கு நிகராக மதிக்கப்படும்.

இட ஒதுக்கீடும் உதவித்தொகையும்

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. 18க்குள் 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டை 2021ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண்மை, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கும் விரிவாக்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை பெறலாம். ஊர்ப்புறத்துத் தலித் மாணவர் ஒருவருக்கு இம்மூன்றும் ஒருசேரப் பொருந்தக்கூடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே பெற்றுவைக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கூற விரும்புகிறோம்.

வெளிநாட்டில் இத்துறையை முதுநிலை அளவில் பயில, சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்கு உட்பட்டிருத்தல், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாமை ஆகியவை அதன் நிபந்தனைகள். 2022இல் வெளியான விதிமுறைகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி கிடையாது என்றன. அவ்விதியின்படி புல்லையும் மண்ணையும் ஆராயச் செல்லலாம். அப்புல்லின் மீது சாதி விதித்த தடையை ஆராயச் செல்ல இயலாது. இந்த விலக்கை அன்றே தலித் அறிவாளர்கள் கண்டித்தனர். மேய்ச்சல் நிலம் போன்ற துறையில் நிலத்தையும் சமூகத்தையும் பிரித்துப் படிக்கவே முடியாது என்பது அக்கண்டனத்துக்கு வலுச்சேர்க்கிறது.

கட்டாயம் கற்க வேண்டிய சட்டம்

புல்லினப் பெயர்களை மனப்பாடம் செய்யும் அதே அக்கறையோடு நம் மாணவர்கள் மூன்று செய்திகளைக் கற்க வேண்டும்.

முதலாவது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 3(1)(ஈ) பிரிவு நிலைத்த மேய்ச்சலையும் இடம்பெயர் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. பழங்குடி அல்லாத தலித் வனவாழ்நர்கள் 'பிற மரபுவழி வனவாழ்நர்' என்ற வகையில் வருகின்றனர். அவர்கள் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பிறர் மாட்டை மேய்த்தவரிடம் சீட்டோ ரசீதோ எப்படி இருக்கும்? பழைய மேய்ச்சல் சீட்டு இருந்தாலும் மாட்டின் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆயினும் முதியோரின் எழுத்துமூல வாக்குமூலம், நிலத்தில் காணப்படும் பழைய அடையாளங்கள், தலைமுறைப் பட்டியல் ஆகியவற்றையும் சான்றாக ஏற்க விதிகள் இடமளிக்கின்றன. அவற்றைத் திரட்டப் பயிற்சி பெற்றவர் வேண்டும். மேய்ச்சல் நிலக் கல்வி பெற்ற தலித் இளைஞர் தம் ஊருக்கு உடனே செய்யக்கூடிய பணி இது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு எனச் சுருக்கியது. 2024இல் அந்தியூர் வட்டாரக் காடுகள் தந்தை பெரியார் வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது பர்கூர் மலையின் மேய்ப்பர்கள் அஞ்சியது இதனால்தான்.

இரண்டாவது, ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் 28.1.2011 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஊர்ப் பொது நிலங்களின் மீதான ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களுக்கும் அது ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிப்பின்படி குத்தகையாக வழங்கப்பட்ட நிலத்தை விதிவிலக்காக முறைப்படுத்தலாம் என்றும் அது கூறுகிறது. அகற்றும் ஆணையைக் கையில் எடுத்து வரும் அலுவலர் விதிவிலக்கைப் படித்திருப்பதில்லை. நம் பிள்ளைகள் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மராட்டியத்தின் காய்ரான் போராட்டம். 'காய்ரான்' என்பது ஊர் மேய்ச்சல் நிலத்தின் பெயர். தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959இலும் 1964இலும் நடந்த நில அறப்போராட்டங்கள் நிலமற்ற தலித் மக்களுக்கு அரசுத் தரிசு நிலத்தைக் கோரின. மராத்வாடாவில் தலித் குடும்பங்கள் காய்ரான் நிலத்தை உழுது பயிரிட்டன. 14.4.1990 வரையிலான அத்தகைய சாகுபடியை முறைப்படுத்த மாநில அரசு 28.11.1991 அன்று ஆணை பிறப்பித்தது. பல குடும்பங்கள் இன்னும் பட்டாவுக்காகக் காத்திருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையான முரண் உள்ளது. மேய்ச்சல் நிலத்தைக் காக்க வேண்டும் என்பதும் சரி. நிலமற்றவருக்கு நிலம் வேண்டும் என்பதும் சரி. 'புல்வெளி மீட்பு' என்ற பெயரில் தலித் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் முதலில் அகற்றப்பட்டு, அதே புறம்போக்கில் ஆதிக்கச் சாதியினர் வளைத்த தென்னந்தோப்பு நிலைத்து நிற்குமானால் அது மீட்பு ஆகாது. யாருடைய ஆக்கிரமிப்பு எவ்வளவு, எது வாழ்வாதாரம், எது வளைப்பு என்று அளந்து எழுதும் பொறுப்பு இத்துறையினருடையது. அந்த அளவுகோல் இதுவரை நம் கையில் இருந்ததில்லை.

நாம் கோருவன

வனவியல், வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்கள் மேய்ச்சல் நில மேலாண்மையைத் தனிப் பட்டயப் படிப்பாகவும் முதுநிலைப் பிரிவாகவும் தொடங்க வேண்டும். அப்பாடத்திட்டத்தில் பொது நிலங்களின் சாதி வரலாறும் வன உரிமைச் சட்டமும் கட்டாயப் பாடங்களாக வேண்டும். மேய்த்து வாழும் தலித், பழங்குடி முதியோரைக் களப் பயிற்றுநர்களாக ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். மாவட்டந்தோறும் மேய்ச்சல் நில அலுவலர் பணியிடம் உருவாக்கி, இட ஒதுக்கீட்டின்படி நிரப்ப வேண்டும். ஆடு வழங்கும் எந்தத் திட்டமும், பயனாளியின் ஊரில் அவருக்கு உரிமையுள்ள மேய்ச்சல் எவ்வளவு என்பதை முதலில் அளந்து, கிராம சபையில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இவை நிறைவேறக் காலமாகும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவம், செவிலியம் ஆகியவற்றோடு இத்துறையையும் அறிமுகப்படுத்துவோம். தம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கின் புல எண்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெற்று, அந்நிலம் இன்று யாரிடம் உள்ளது என்று நேரில் நடந்து பார்ப்பது அவர்களின் முதல் களப்பயிற்சி ஆகட்டும். அம்மாவோ பாட்டியோ ஆடு மேய்த்தவராக இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் புல் முன்பு எங்கிருந்தது, எந்தப் பாதை எப்போது அடைக்கப்பட்டது என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.